பதினாலு

தேர்தல் தேதி அறிவித்ததும்
மஞ்சக்குப்பம் பல் டாக்டருக்குப் போன் வரும்.
"சார், உங்க சாமானக் கொண்டாந்துடுங்க."
ஏட்டு தில்லைக்கண்ணு சாமான் என்றுதான் சொல்வார்,
துப்பாக்கி என்றால் சிரிப்பு வந்துவிடும் போல.

மூன்று உண்டு என்னிடம்.
ஒன்றில் சக்கிமுக்கிக் கல் இல்லை.
ஒன்றின் குழலில் குளவி கூடு கட்டிக்
குடும்பத்தோடு காலி செய்துபோன தடம்.
மூன்றாவது கைத்துப்பாக்கி, பாண்டியில் வாங்கியது,
இருப்பதிலேயே விலை உயர்ந்தது.
அதாவது, அதில்தான் நான் அதிகம் ஏமாந்தேன்
என்பது சுகந்தியின் கணக்கு.

சுகந்தி தங்கம் வாங்குகிறாள்.
அதற்கு தினமும் பேப்பரில் விலை வருகிறது.
மைத்துனன் நெல்லிக்குப்பம் ரோட்டில் மனை வாங்கினான்,
நாலு மூலைக்கும் கல் நட்டிருக்கிறது.
என் முதலீட்டுக்கு விலை வேண்டுமென்றால்
என்னைப் போல இன்னொருவன்
கையில் காசோடு
எங்கேயாவது பிறந்திருக்க வேண்டும்.

இருந்தும்,
கடைசி நோயாளி பஞ்சைக் கடித்தபடி படியிறங்கியபின்
அரை மணி நேரம் கிடைக்கும்.
சொத்தை சுரண்டும் கொக்கியால்
விசையின் இடுக்கில் துரு எடுப்பேன்.
வாய்க்கண்ணாடியைச் சாய்த்துக்
குழலுக்குள் பார்ப்பேன்.
பல்லுக்குச் சர்க்கரை, இரும்புக்குக் கடலூர்க் காற்று.
தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு.
சுத்தியலைப் பின்னுக்கு இழுத்தால்
ஒரு சத்தம், இரண்டாவது சத்தம்.
அந்த இரண்டாவதற்கு என்ன விலையும் தரலாம்.
தந்தும் இருக்கிறேன்.

தானே புயலன்று கிளினிக் பலகை பறந்து
கெடிலம் பக்கம் போனது.
மூன்றையும் வேட்டியில் சுற்றி
மடியில் வைத்து விடிய விடிய உட்கார்ந்திருந்தேன்.
நகைப்பெட்டியை அவளே தூக்கிக்கொண்டாள்.
அதை இன்னும் சொல்கிறாள்.

இந்த ஆடியில் நோயாளி நாற்காலி கெட்டது.
வாயைத் திறந்தபடி ஒரு தாசில்தார்
மெல்ல, மிக மெல்ல,
தரையை நோக்கி இறங்கிப் போனார்.
புது நாற்காலி மூன்று லட்சம்.
பாண்டியிலிருந்து முசே சவரிராயன் வந்தார்,
வெள்ளைக் கையுறை, கண்ணில் ஒரு லென்ஸ்.

ஆயிரத்து எழுநூற்று எண்பத்து மூன்று என்றேன்.
இதே கடற்கரைச் சண்டை என்றேன்.
ஒரு பிரெஞ்சு அதிகாரி, ஈரமணல்...
கடைக்காரன் சொன்ன வரிசை மாறாமல் சொன்னேன்.
"பூட்டு பெல்ஜியம்" என்றார் முசே,
"அதுக்கும் ரொம்பப் பின்னாடி.
குழல் எங்கேயோ. கட்டை நம்ம ஊர்ப் பூவரசு.
மூணுக்கும் யாரோ கல்யாணம் பண்ணி வெச்சிருக்காங்க."
திருப்பினார். நிறுத்தினார்.
"இது என்ன?"

கட்டையின் அடியில் வெள்ளை எனாமல்:
க.பு. 14.

போன தேர்தலில் ஸ்டேஷன் எலி
அட்டை கட்டிய நூலைத் தின்றுவிட்டது.
யார் சாமான் எது என்று குழம்பிய தில்லைக்கண்ணு
சைக்கிள் ஸ்டாண்டுக்கு அடித்து மீந்த பெயிண்டை எடுத்து,
நாக்கைக் கடித்துக்கொண்டுதான் எழுதியிருக்க வேண்டும்,
அவ்வளவு நேராக இருக்கிறது அந்த ஒன்று.

"சுரண்டி எடுத்துடவா?"
"சுரண்டினா இன்னும் குறையும் தொக்தேர்."
சொன்ன விலையில் நாற்காலியின்
கைப்பிடி வாங்கலாம்.

அன்றிரவு பஞ்சில் அசிட்டோன் நனைத்தேன்.
நாலின் வாலில் வைத்தேன்.
அதிகாரி இல்லை, ஈரமணல் இல்லை,
எந்தக் கை பிடித்தது, யாரை நோக்கி, ஒன்றும் தெரியாது.
இதன் மேல் நடந்ததென்று நான் சத்தியம் செய்யக்கூடியது
ஒரு எலி, ஒரு ஏட்டு, கொஞ்சம் வெள்ளை.
பஞ்சைக் குப்பையில் போட்டேன்.

நாற்காலிக்கு அடியில் இப்போது
இரண்டு சவுக்குக் கட்டை.
உள்ளாட்சித் தேர்தல் வந்தது.
வேட்டியில் சுற்றி எடுத்துப் போனேன்.
தில்லைக்கண்ணு மேசையிலிருந்த டீயை நகர்த்திவிட்டு
இரண்டு கையையும் நீட்டினார்.
"பதினாலா? வா, வா."